சாக்லேட் கோழிக்கு எந்த வைன்?

போன மாதம் ஒருநாள் காலையில் ஹட்டனில் ஒரு வைன் ஸ்டோர்ஸுக்குப் போய், ‘‘வைன் இருக்கா?’’ என்று கேட்டேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

‘‘சார், வைன்னு போர்டுலதான் இருக்கு. உள்ள பூரா சாராயம்.’’

உண்மைதானே? எங்கள் மலைநாட்டில் டவுனுக்கு டவுன் வைன் ஸ்டோர்ஸ் இருக்கிறது. அதற்குள் போய் யாராவது வைன் வாங்கி வந்து பார்த்திருக்கிறீர்களா? கடைசியில் அவர் மேல்தட்டைத் துழாவி, தூசி படிந்த ஒரு சிவப்புப் போத்தலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

‘‘நத்தார் பண்டிகைக்கு எடுத்தது. எந்த நத்தார்னு மட்டும் கேக்காதீங்க.’’

இந்த வயதில், காலை பத்து மணிக்கு, எனக்கு எதற்கு வைன்? எல்லாம் கலாவுக்காக.

கலா என் மனைவி வசந்தாவோடு ஒரே தோட்ட லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். வட்டவளையில் இருக்கிறாள். டுபாயில் ஒரு மெக்சிகோக்காரக் குடும்பத்தில் ஒன்பது வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் லயத்தை விட்டு வெளியே, ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு கட்டினாள். போனை எடுத்ததும் மூச்சுவிடாமல் பேசினாள்.

‘‘அண்ணே, எலேனா மேடம் வாராங்க! கண்டி பாத்துட்டு நுவரெலியாவுக்குப் போறாங்களாம். வழியில ஒன் வீட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டாங்க. சார் தவறுனதுக்கப்புறம் மேடம் தனியாத்தான் ஊர் ஊரா சுத்துறாங்க.’’

‘‘ரொம்ப சந்தோசம். என்ன சமைக்கப் போற?’’

‘‘அவங்க ஊரு சாப்பாடுதான். அதெல்லாம் நான் ஆக்கிருவேன். ஆனா, மேடம் ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் வைன் இல்லாம உக்கார மாட்டாங்க. எந்தக் கறிக்கு எந்த வைன்னு சார்தான் எடுத்து வைப்பாரு. நான் கிளாஸ் கழுவுனதோட சரி. நீங்கதான் வைன் பத்தியெல்லாம் பேப்பர்ல எழுதுனீங்களே அண்ணே... கம்மி வெலையில, ஆனா வெக்கப்படாத மாதிரி ரெண்டு எடுத்துக் குடுங்க.’’

கொழும்பில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கிளாஸ் குடித்ததைப் பற்றி எப்போதோ பத்திரிகையில் இதே மூலையில் நாலு வரி எழுதியிருந்தேன். என் வைன் ஞானம் அந்த நாலு வரியோடு முடிந்துபோனது. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு வருகிற வியாதி அது.

போனை வைக்கும் முன் கலா குரலைத் தாழ்த்தினாள்.

‘‘இவருக்கு இப்பவே தெரிய வேணாம்ண்ணே.’’

இவர் என்றால் அவள் கணவர் ராசேந்திரன். டீ ஃபேக்டரியில் வேலை. ஒரு காலத்தில் வட்டவளை முழுக்கத் தெரிந்த குடிகாரர். கலா டுபாய்க்குப் போனதே அதனால்தான். அவள் போய் ஐந்தாவது வருஷம் திடீரென்று நிறுத்தினார். ஆறு வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. அந்த வீட்டுக்குள் போத்தல் வரக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அந்த வீட்டுக்குத்தான் நான் பேப்பரில் சுற்றிய போத்தலோடு, வசந்தாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ராசேந்திரன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

கலா ஒத்திகைச் சமையலில் இறங்கியிருந்தாள். மெக்சிகோக்காரர்களின் சோள ரொட்டிக்கு மாவு இங்கே கிடைக்காது. அதற்காக அவள் அசரவில்லை. காய்ந்த சோளத்தை வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோல் போகக் கழுவி, அரைத்து வைத்திருந்தாள்.

‘‘சுண்ணாம்பா?’’ என்றாள் வசந்தா.

‘‘அங்கயும் சுண்ணாம்புதான் போடுவாங்கக்கா. நாம வெத்தலைக்கு வச்சிருக்கோம், அவங்க சோளத்துக்கு வச்சிருக்காங்க.’’

அடுப்பில் ஒரு கோழிக்கறி கொதித்தது. மோலே என்று பெயராம். வறுத்த மிளகாய், எள்ளு, கச்சான் கடலை, முந்திரிகைப்பழ வத்தல்... கூடவே கறுப்புச் சாக்லேட்! கோழிக்கறிக்குள் சாக்லேட்டைக் கண்ட வசந்தாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாம் சீனி போட்டுச் சாப்பிடும் அவகாடோவில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கொத்தமல்லி இலையும் போட்டு மசித்த ஒரு கிண்ணம். சுட்ட தக்காளிச் சட்னி ஒரு கிண்ணம். வாசம் ஆளைத் தூக்கியது.

சரி, வைனைத் திறக்க வேண்டுமே... தக்கை. அதை இழுக்கும் கருவி யாரிடம் இருக்கிறது? ஒரு ஸ்க்ரூ ஆணியை முறுக்கி ஏற்றி, குறட்டால் பிடித்து இழுத்தேன். பாதித் தக்கை வெளியே, மீதி உள்ளே. வடிகட்டி வைத்து ஊற்றினாள் கலா. மூன்று பேரும் ஒரு வாய் மோலே, ஒரு வாய் சட்னி, பிறகு ஒரு மிடறு.

ஐயோ!

வாய் எரிந்தது. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தனியாகச் சாப்பிட்டபோது சுகமாக இருந்த காரம், வைன் பட்டதும் நெருப்பாகிவிட்டது. வசந்தா தண்ணீருக்கு ஓடினாள். எனக்குக் கண்ணில் நீர். ‘‘நல்ல வைன்னா இப்பிடித்தான் இருக்குமாண்ணே?’’ என்று கலா கேட்டாள், பாவம், உண்மையாகவே.

அந்த நேரம் பார்த்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும் சத்தம். அன்றைக்குக் கொழுந்து குறைவாம். ஃபேக்டரியில் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டார்கள்.

வசந்தா பாய்ந்துபோய்ப் போத்தலை அரிசி வாளிக்குள் சொருகி மூடினாள். கிளாஸ்களை மறைக்க நேரமில்லை.

ராசேந்திரன் உள்ளே வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு நேராக அரிசி வாளியைப் பார்த்தார்.

‘‘அதுக்குள்ளயா? நான் ஒளிச்சு வச்சதும் அதுலதான்.’’

எனக்குத் தரைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. கலா ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள் – மேடம் வருவது, வைன், நான், ஒத்திகை...

‘‘மேடத்துக்குக் குடுக்கணும்னா குடேன். நான் வேணாம்னா சொல்லப் போறேன்?’’ என்றார். குரல் உயரவில்லை. ‘‘டவுனுக்குப் போய்ட்டு வர்றப்ப மூணு கடையைத் தாண்டித்தான் வாரேன். ஆறு வருசமா தாண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அது பெருசில்ல. வீட்டுக்குள்ள வந்தா கள்ளனப் பாக்குற மாதிரி பாக்குறீங்க பாருங்க... அதான்.’’

‘‘ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாங்க...’’

‘‘கஷ்டமாத்தான் இருக்கும். அத என்கிட்ட சொல்லிட்டுச் செய்யி கலா. வெளிய போகணும்னு தோணுச்சுன்னா நானே போயிக்குவேன்.’’

கலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ராசேந்திரன் என்னைப் பார்த்துச் சொன்னார், ‘‘அண்ணே, அந்தப் போத்தலையும் கிளாஸுகளையும் வெளிய விறகுக் கொட்டகைல வச்சிருங்க. போறப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. வாசம் வேணாம்.’’

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பார்த்தீர்களா? என்ன முடியும், என்ன முடியாது என்று அவருக்கு அளவு தெரிந்திருக்கிறது. தெரியாமல் தவித்தது நாங்கள்தான்.

நான் வைத்துவிட்டு வந்தபோது அவர் முகம் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ‘‘சரி, எதுக்கு மூணு பேரு மூஞ்சியும் இப்பிடிச் செவந்து கெடக்கு?’’

சொன்னேன். அவர் யோசித்தார்.

‘‘துவர்த்துச்சா?’’

‘‘பயங்கரமா.’’

‘‘நாக்கு காஞ்சுச்சா? கட்டையா போட்ட ப்ளேன் டீ குடிச்ச மாதிரி?’’

அதேதான்! போனில் அரை நாள் தேடிப் படித்தும் எனக்குப் பிடிபடாததை இந்த மனிதர் குடிக்காமலே சொல்கிறார். பிறகுதான் நினைவு வந்தது... ராசேந்திரனுக்கு ஃபேக்டரியில் ருசி மேசையில் வேலை. தினமும் காலையில் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, டீ ஊற்றி, அதிகாரி உறிஞ்சிப் பார்த்துத் துப்பும்போது பக்கத்தில் நின்று தானும் உறிஞ்சிப் பார்த்துத் துப்புகிறவர். நாக்குதான் அவர் ஆயுதம்.

எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். மூன்று கோப்பை டீ போட்டார். ஒன்று கறுப்பாக, கட்டையாக. ஒன்று இளசாக, ஒரு சிட்டிகை சீனியோடு. ஒன்று இளசாக, எலுமிச்சை பிழிந்து.

‘‘இப்ப சாப்புட்டு, ஒன்னொன்னாக் குடிச்சுப் பாருங்க.’’

கட்டை டீக்கு மோலே மறுபடியும் நெருப்பானது. சீனி போட்ட இளந்தேநீரில் அதே மோலே அடங்கி, சாக்லேட் மெதுவாக மேலே வந்தது. எலுமிச்சை டீ அவகாடோவோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. புளிப்புக்குப் புளிப்பு துணை.

‘‘டீயும் துவர்ப்புத்தான், அந்தச் செவப்பு வைனும் துவர்ப்புத்தான். காரத்துக்குத் துவர்ப்பு பகை. அவகாடோவுக்குப் புளிப்பா ஒரு வெள்ளை எடுங்க. கோழிக்குத் துவர்ப்பு கம்மியா, இளசா, கொஞ்சம் பழவாடையா ஒரு செவப்பு. வெல கூடுனது எதுக்கு? இளசுன்னா வெலையும் கம்மியாத்தானே இருக்கும்?’’

அடுத்த நாளே நுவரெலியாவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். மதுபானப் பகுதியில் நின்ற சிங்கள விற்பனையாளரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வைனை டீ மாதிரி விவரித்தேன். அவர் சிரித்தார். ஆனால் புரிந்துகொண்டார். தேயிலை ஊர்க்காரருக்கு டீ பாஷை புரியாமல் போகுமா? கடைசித் தட்டிலிருந்து இரண்டு போத்தல் எடுத்துக் கொடுத்தார். இரண்டுக்கும் திருகு மூடி. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

எலேனா மேடம் வந்த அன்று வட்டவளையில் விடாத தூறல். நுவரெலியாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு. எழுபது வயதிருக்கும். உயரமாக, வெள்ளை முடியைப் பின்னலாகப் போட்டு, குடையை மடக்கிக்கொண்டே வந்தார். வாசலிலேயே கலாவைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னார். ஆங்கிலமும் அவர்கள் பாஷையும் கலந்த பேச்சு. அதே கலவையில் கலாவும் பதில் சொன்னாள். எங்கள் வட்டவளைக் கலாவா இது என்று வசந்தா வாயைப் பிளந்தாள்.

மேசையில் ஐந்து கதிரை. மேடம், ராசேந்திரன், வசந்தா, நான். ஐந்தாவது காலி. கலா உட்காரவே இல்லை. ரொட்டி ஆறிவிடும் என்றாள், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றாள், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். மேடம் மூன்று தரம் கூப்பிட்டார். மூன்று தரமும் சமையலறைக் கதவடியில் போய் நின்றாள். டுபாய் வீட்டில் ஒன்பது வருஷத்தில் அவள் அந்த அம்மாவுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்ததே இல்லை என்று வசந்தா என் காதில் கிசுகிசுத்தாள். கால் இங்கே வந்துவிட்டாலும் பழக்கம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

மேடம் மோலேயில் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மெல்ல ஏதோ சொன்னார்.

‘‘என்ன சொல்றாங்க?’’

‘‘உப்பு கம்மியாம்’’ என்றாள் கலா. முகமெல்லாம் சிரிப்பு. ‘‘அவங்க எப்பவும் இப்பிடித்தாண்ணே. நல்லா இல்லாட்டி ஒன்னுமே சொல்ல மாட்டாங்க.’’

பிறகு வைன். முதலில் வெள்ளையை அவகாடோவோடு குடித்துத் தலையாட்டினார். சிவப்பைக் கோழியோடு ஒரு மிடறு. போத்தலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். இதை யார் தேர்ந்தெடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் மார்பை நிமிர்த்தினேன். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் மார்பைத் தளர்த்தி, ராசேந்திரனைக் கை காட்டினேன்.

மேடம் மகிழ்ந்துபோனார். அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ‘எடுத்தவருக்கு இல்லாமலா?’ என்கிற மாதிரி, ராசேந்திரனுக்கு முன்னால் இருந்த கிளாஸை இழுத்து, அதில் சிவப்பு வைனை ஊற்றி, அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

கலா கதவடியிலிருந்து ஓடி வந்தாள். ‘‘மேடம், நோ... அவருக்கு வயித்துல அல்சர்...’’

‘‘பொய் சொல்லாத கலா.’’

ராசேந்திரன் கிளாஸைத் தொடவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. தமிழில் மெதுவாகச் சொன்னார்.

‘‘நான் குடிகாரனா இருந்தேன்னு சொல்லு. அதனாலதான் நீ வீட்ட விட்டு அங்க போக வேண்டி வந்துச்சுன்னு சொல்லு. இப்ப தொடுறதில்லன்னும் சொல்லு. ஒன்பது வருசமா இவங்ககிட்ட என்னையப் பத்தி நல்லதாவே சொல்லியிருப்ப. போதும்.’’

கலா அவரைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, அதைச் சொன்னாள். கணவனுடைய வெட்கத்தை அவனுக்கு முன்னாலேயே இன்னொரு பாஷையில் சொல்வது எவ்வளவு பாரம்! பாதியில் நிறுத்தி, மறுபடியும் தொடங்கி, முடித்தாள்.

முடித்ததும், பக்கத்தில் இருந்த கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேடத்துக்கு நேர் எதிரே. தான் உட்கார்ந்தது அவளுக்கே தெரியவில்லை.

மேடம் அந்தக் கிளாஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இரண்டு போத்தலையும் மேசையின் மறு கோடிக்கு, என்னிடம் நகர்த்தினார். எழுந்து ஒரு தட்டு எடுத்து, ரொட்டியும் கோழியும் பரிமாறி, கலாவுக்கு முன்னால் வைத்தார். பிறகு ராசேந்திரனிடம், ‘‘நீங்கள் இதோடு என்ன குடிப்பீர்கள்?’’ என்று கேட்டார். கலா தமிழில் சொன்னாள்.

ராசேந்திரன் தன் இளந்தேநீரை அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். மேடம் கோழியோடு அதைக் குடித்துப் பார்த்தார். நேர்மையான மனுஷி... வைன்தான் இதைவிடப் பொருத்தம் என்றார். ராசேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷமாகிறது! கலா சாப்பிட்டாள். இரண்டாம் தரம் போட்டுக்கொண்டும் சாப்பிட்டாள்.

மேடத்தின் வேன் போன பிறகு, எங்களை பஸ் ஏற்றிவிட ராசேந்திரன் ரோட்டு வரைக்கும் வந்தார். மீதி வைன் என் பையில் இருந்தது. வசந்தாவும் கலாவும் ஒரு குடையில் முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம்.

நம் வீடுகளில் இப்படி ஒருவராவது இருக்கிறார். குடித்த காலத்தில் அவரைப் பற்றி ஊரே பேசுகிறோம். நிறுத்திய பிறகு? கல்யாண வீட்டில் பார்த்துப் பார்த்து உட்கார வைக்கிறோம். அவர் வந்தால் பேச்சை மாற்றுகிறோம். எல்லாம் அன்பினால்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா? நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

‘‘ராசேந்திரன், அன்னைக்கு ஏன் நிப்பாட்டினீங்க?’’

முன்னால் போகிற குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

‘‘கலா அங்கருந்து தெனமும் போன் பேசுவாண்ணே. ஒரு நாள் பேசுறப்ப, என்ன கொரலு ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். அவ அழுதுட்டா. காச்சல்னு நாலு நாளா என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நாலு நாளும், ‘அய்யோ, மருந்து எடுத்தியா’ன்னு நானும் கேட்டிருக்கேன். போதையில ஒன்னுகூட என் ஞாபகத்துல இல்ல...’’

பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

எந்தக் கறிக்கு எந்த வைன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டே நாள் போதுமாக இருந்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.